கன்னியாகுமரியில் 3 ராத்திரி: முழங்கால் ஆபரேஷன் ஆன அப்பாவுக்கு எந்த ரூம் எடுக்கலாம்?

காவிரிக்கரை · நவம்பர் 9, 2025, இரவு 10.20

வணக்கங்க. அரையாண்டு லீவுல குடும்பத்தோட கன்னியாகுமரி போலாம்னு இருக்கோம். டிசம்பர் 25 ராத்திரி ஈரோட்டுல ரயில் ஏறி 26 விடியக்காலைல நாகர்கோவில்ல இறங்கறோம். 26, 27, 28 மூணு ராத்திரி தங்கிட்டு 29 திரும்பறோம். ஆறு பேருங்க: நான், வீட்டுக்காரம்மா, பையன் 11, பொண்ணு 7, அப்பா 72, அம்மா 66.

சிக்கல் அப்பாவுக்குத்தானுங்க. ஜூலைல வலது முழங்கால் மாத்துனோம். பவானியில நாப்பது வருசம் ஜமுக்காளத் தறிக்குழியில காலை விட்டு உக்காந்தவரு. இப்ப வாக்கர் இல்ல, கைத்தடி போதும். தெருமுனை வரைக்கும் போவாரு. பத்துப் படி ஏறுனா நின்னுருவாரு.

ஒரு லாட்ஜ்ல பேசுனேன். சீ வியூ ரூம் ஒரு நாளைக்கு 4,800, அதே கட்டடத்துல பின்பக்கம் 2,600. ரெண்டு ரூம் வேணும். ரெண்டும் கடல் பக்கம்னா மூணு நாளைக்கு 28,800, ரெண்டும் பின்பக்கம்னா 15,600. நடுவுல 13,200 ரூவா. ஜன்னலுக்கு இவ்வளவு காசு குடுக்கலாமா? போயிட்டு வந்தவங்க சொல்லுங்க.

இன்னொண்ணு. அப்பாவுக்காகத் தரைத்தளம் கேக்கலாம்னா அம்மா ஒத்துக்க மாட்டேங்கறாங்க. "சுனாமி வந்த ஊரு, கீழ படுக்க மாட்டேன்" ங்கறாங்க.

---

நாஞ்சில்காரன் · நவம்பர் 9, இரவு 11.05

அண்ணே, நான் நாகர்கோவில். ஒரே வரியில சொல்லுதேன்: சீ வியூ தண்டச் செலவு. அந்த ஊர்ல எந்த லாட்ஜ்ல இருந்து இறங்கினாலும் பத்து நிமிசத்துல கடல்ல கால் நனைச்சிரலாம். மூணு பக்கமும் கடலு. வெளிய சும்மா கிடக்கத ஜன்னல்ல மாட்டி நாளைக்கு 2,200 ரூவாய்க்கு விக்கான்.

பகவதி அம்மன் கோயில்லயே கிழக்கு வாசலப் பூட்டித்தான் வச்சிருக்கு, வருசத்துக்கு அஞ்சு தடவைதான் திறப்பாங்க. அம்மன் மூக்குத்தி வெளிச்சத்தக் கலங்கரை விளக்குன்னு நினைச்சு கப்பல்காரன் பாறையில ஏத்திட்டான்னு கதை உண்டும். அம்மனே சீ வியூ இல்லாமத்தான் இருக்கா. நமக்கு என்னத்துக்கு?

ஒரு விசயம் மட்டும் பாத்துக்கிடுங்க. ஜன்னல் எந்தத் திசைன்னு கேக்காம "சன்ரைஸ் ரூம்", "சன்செட் ரூம்"னு சொல்லத நம்பாதீங்க. டிசம்பர் கடைசியில சூரியன் நேர் கிழக்குல வராது, தெற்கால ஒரு 23 டிகிரி தள்ளி வரும். மேற்குலயும் அப்படித்தான், தெற்கு ஒதுங்கி இறங்கும். அதனால நீங்க வர்ற சமயத்துல உதயமும் அஸ்தமனமும் ரெண்டுமே கடல்லதான். மே, ஜூன்ல வந்தீங்கன்னா அஸ்தமனம் வடமேற்கால போயி கரைக்குப் பின்னால விழும். அப்ப "சன்செட் ரூம்"னு காசு குடுத்தவன் தென்னந்தோப்பப் பாத்துட்டு இருப்பான். உங்களுக்கு வேண்டியது கிழக்கு இல்லன்னா தென்கிழக்கு பாத்த ஜன்னல். வடகிழக்கு பாத்ததுன்னா சூரியன் செவுத்துக்குப் பின்னால நிக்கும்.

26ஆம் தேதி காலையில சூரியன் 6.30 ஒட்டி வரும், சாயங்காலம் 6.10 ஒட்டி இறங்கும்.

---

ஜன்னல்_சீட்டு · நவம்பர் 10, காலை 7.40

நாஞ்சில்காரன் சார் ஊர்க்காரர். அவருக்குக் கடல் தண்டமாத்தான் தெரியும். சென்னையில பத்துக்குப் பத்து ரூம்ல எதிர்வீட்டுத் துணியப் பார்த்துக்கிட்டு இருக்கற எனக்குக் காலைல எழுந்ததும் கடல் தெரிஞ்சா அதுக்குக் காசு குடுப்பேன்.

ஆனா ஏமாந்திருக்கேன். நாலு வருஷம் முன்னாடி இதே ஊர்ல "பார்ஷியல் சீ வியூ"ன்னு எடுத்தோம். ரெண்டு மொட்டை மாடிக்கு நடுவுல ஒரு கைக்குட்டை அளவு நீலம். என் கணவர் "அது கடலா, தார்ப்பாயா?"ன்னு கேட்டார். சாயங்காலம் காத்து அடிச்சப்போ அது ஆடிச்சு. தார்ப்பாய்தான்.

---

பழைய ரிசப்ஷன் · நவம்பர் 10, மதியம் 2.15

கன்னியாகுமரியில ஒரு லாட்ஜ் ரிசப்ஷன்ல 12 வருசம் உக்காந்தவன் நான். இப்ப தூத்துக்குடியில வேற தொழில், அதனால உள்ளதச் சொல்லலாம்.

சீ வியூன்னா கடல் தெரியும். எங்க நின்னா தெரியும்னு அந்த வார்த்தையில இல்ல. எங்க லாட்ஜ்ல மூணாவது மாடியில ஒரு ரூம். கட்டில்ல படுத்தா எதிர்த்த கட்டடத்துக் கறுப்புத் தண்ணி டேங்க். பாத்ரூம் கதவு ஓரமா நின்னு தலைய இடது பக்கம் சாய்ச்சா கடல். அதையும் சீ வியூன்னுதான் வித்தோம், பொய் இல்லையே! புக்கிங் ஆப்புல போட்டிருக்க போட்டோ மொட்டை மாடியில நின்னு எடுத்தது. எல்லா ரூமுக்கும் அதே போட்டோதான்.

அதனால வார்த்தைய நம்பாதீங்க, வீடியோ கேளுங்க. கதவுல ரூம் நம்பர் தெரியறதுல ஆரம்பிக்கணும். உள்ள வந்து கட்டில்ல உக்காந்து எடுக்கணும், அப்புறம் ஜன்னல் வரைக்கும் நடந்து போயி, ஜன்னலத் திறந்து, இடது வலது காட்டணும். வெட்டு இல்லாம ஒரே ஓட்டமா இருக்கணும். "பையன் இல்ல சார், அப்புறம் அனுப்புறேன்"னா விட்ருங்க.

திறந்துன்னு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் உப்புக் காத்து. கடல் பாத்த ஜன்னல் கண்ணாடிய வாரம் ஒருக்கா நல்ல தண்ணி விட்டுத் தொடைக்கலன்னா மோர் ஊத்தின மாதிரி ஆயிரும். பணம் குடுத்து வாங்கின கடல மஸ்லின் துணி வழியாப் பாக்கணும். அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல்னா தண்டவாளத்துல உப்பும் மணலும் இறுகி நகராது. சில லாட்ஜ்ல காத்துக்குப் பயந்து ஸ்க்ரூ போட்டே மூடியிருப்பாங்க. ஜூன், ஜூலைக் காத்துல அந்தச் சந்து ராத்திரி பூரா விசிலடிக்கும். தினத்தந்திய மடிச்சு சொருகி வைக்கதே எங்க ரூம்பாய்க்கு ஒரு வேலை. ஆரல்வாய்மொழி பக்கம் அத்தனை காத்தாடிய சும்மாவா நட்டு வச்சிருக்கான்? டிசம்பர்ல அவ்வளவு மோசம் இருக்காது.

ஏசியும் அப்படித்தான். வெளிய மாட்டற பெட்டி கடல் பக்கம் இருந்தா துரு புடிச்சு சீக்கிரம் போயிரும். ஒரே லாட்ஜ்ல பின்பக்க ரூம் ஏசி ஜில்லுன்னு இருக்கும், கூடக் காசு குடுத்த கடல் பக்க ரூம்ல ஏசி இருமும்.

அடுத்து சத்தம். நீங்க வர்றது சபரிமலை சீசன். மண்டல பூஜை முடியற சமயம். மாலை போட்ட சாமிமார் மலை எறங்கி பஸ் பஸ்ஸா கன்னியாகுமரி வருவாங்க. ராத்திரி 2 மணிக்கு ஒரு பஸ் வந்து நிக்கும், சரணம் சொல்லி எறங்குவாங்க, 4 மணிக்குக் குளிச்சுக் கெளம்புவாங்க. தப்புச் சொல்லல, அவங்க வாரதே அதுக்குத்தான். ஆனா பார்க்கிங் மேல இருக்கற ரூம் வேண்டாம்னு முன்கூட்டியே சொல்லிருங்க. ஜெனரேட்டர் மேல, சமையல்கட்டுப் புகைக்கூண்டு பக்கம், லிஃப்ட் மோட்டார் ஒட்டின கடைசி மாடி, இந்த மூணும் ஆகாது. ஜன்னல் நல்லாருந்தாலும் ஆகாது.

கடைசியா, ஆப்புல ரூமப் பாத்துட்டு போன்ல பேசுங்க. ஆப்புக்குக் கமிஷன் குடுக்கணும்னு நல்ல மூலை ரூம நாங்க நேர்ல கேக்கறவங்களுக்குத்தான் வச்சிருப்போம். 7,500 வரைக்கும் வாடகைக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22ல இருந்து 5 சதவீதம்தான். பழைய 12 போட்டா கேளுங்க.

---

காவிரிக்கரை · நவம்பர் 10, இரவு 9.50

அண்ணா, பெரிய உதவிங்க. வீடியோ கேட்டிருக்கேன். ரயில் விடியக்காலைல எறக்கி விட்டுரும். நாங்க ஆறு மணி வாக்குல லாட்ஜுக்கு வந்துட்டா உள்ள விடுவாங்களா? ஆப்புல செக்-இன் 12 மணின்னு போட்டிருக்குது. அப்பாவ ஆறு மணி நேரம் ரிசப்ஷன் சோபாவுல உக்கார வைக்க முடியாதுங்க.

---

பழைய ரிசப்ஷன் · நவம்பர் 10, இரவு 10.30

கேட்டீங்களே, இதத்தான் எவனும் கேக்கறதில்ல. நம்ம ஊர் லாட்ஜ்ல ரெண்டு கணக்கு. ஒண்ணு 24 மணி நேரம்: காலைல 6க்கு ஏறினா மறுநாள் காலைல 6க்கு ஒரு நாள் முடிஞ்சுது. இன்னொண்ணு 12க்கு 12. சாதாரண நாள்ல 24 மணி நேரம் குடுக்கற லாட்ஜ்காரனே கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்துல 12க்கு மாறிருவான். போன்ல சொல்றத வாட்ஸ்ஆப்புல எழுதி வாங்கிருங்க: "26 காலை 6 மணிக்கு ரூம், 29 காலை 6 மணிக்குக் காலி"ன்னு. ராத்திரி ரயில்ல திரும்பறதா இருந்தா 29 பகல் பூரா பெட்டிய எங்க வைக்கறதுன்னும் கேளுங்க.

---

கரவெட்டியான் · நவம்பர் 11, காலை 6.10

இடையில் வாறதுக்கு மன்னிக்க வேணும். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து தை மாதம் திருச்செந்தூர், கன்னியாகுமரி வர இருக்கிறம். போன முறை அம்மாவோட வந்தபோது ஒரு சின்ன லொட்ஜில் இலங்கைப் பாஸ்போட் எண்டதும் அறை இல்லை எண்டு சொல்லிப்போட்டினம். இரவு ஒன்பதரை மணிக்கு சூட்கேசோட தெருவில நிண்டனாங்கள். என்ன காரணம்?

---

பழைய ரிசப்ஷன் · நவம்பர் 11, காலை 8.00

உங்க மேல தப்பில்லண்ணே. வெளிநாட்டுப் பாஸ்போர்ட்ல யார் தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள்ள சி ஃபாரம்னு ஒண்ண ஆன்லைன்ல ஏத்தணும். சின்ன லாட்ஜ்ல அதுக்குப் பதிஞ்சு வச்சிருக்க மாட்டான், ஏத்தாம விட்டா அவனுக்குச் சிக்கல். அதனால ரூம் இல்லன்னு சொல்லிருவான். புக் பண்றப்பவே "சி ஃபாரம் போடுவீங்களா?"ன்னு கேட்டுருங்க. ஆமான்னா கவலையே இல்ல.

---

கரவெட்டியான் · நவம்பர் 11, காலை 8.25

மெத்தப் பெரிய உதவி. எங்கட திருகோணமலை நிலாவெளியில் கடலுக்கு முன்னால அறை எடுக்கிறதெண்டால் வைகாசியில் இருந்து ஆவணி வரை போக வேணும், மார்கழியில் அங்க கடல் கொந்தளிக்கும். உங்கட பக்கம் கேள்வி வேற மாதிரி இருக்கு.

---

மூணு_கோவளம் · நவம்பர் 11, பகல் 11.30

ரூம் புக் பண்றவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. என் மச்சான் கன்னியாகுமரி சன்செட் பாயிண்ட் கிட்ட கோவளத்துல ரூம் போட்டேன்னு பெருமையா சொன்னான். ஊர் போய் இறங்கி ஆட்டோக்காரர்கிட்ட பேரச் சொன்னா அவர் சிரிக்கறார். அவன் போட்டது திருவனந்தபுரம் பக்கத்துக் கோவளம், அங்கேர்ந்து 85 கிலோமீட்டர். கன்னியாகுமரிக்கு மேற்கால ஒரு மீனவக் கிராமம் கோவளம், கேரளாவுல ஒரு கோவளம், சென்னை ஈசிஆர்ல ஒரு கோவளம். மூணுலயும் கடல், மூணுலயும் ரூம். மாவட்டம் பேரப் பாத்துட்டுக் காசக் கட்டுங்க. அவன் கட்டின காசு திரும்பி வரல.

---

தனிவழி · நவம்பர் 11, மாலை 5.45

எல்லாரும் தப்பான ஊருக்கு ரூம் தேடறீங்க. டிசம்பர் கடைசி வாரம் கன்னியாகுமரி தேர்த்திருவிழா மாதிரி இருக்கும். முட்டம், சொத்தவிளை பக்கம் ரிசார்ட் மாதிரி எடுங்க. கதவத் திறந்தா மணல், கூட்டம் இல்ல, பிள்ளைங்க நாள் பூரா குளிக்கலாம். கன்னியாகுமரிய ஒரு காலைல காரில் போய்ப் பாத்துட்டு வந்துடலாம்.

---

நாஞ்சில்காரன் · நவம்பர் 11, மாலை 6.20

தனிவழி, முட்டம் அழகான இடம், மறுக்கல. கூட்டத்தப் பத்திச் சொன்னதும் உண்மை. "நாள் பூரா குளிக்கலாம்"ங்கறத மட்டும் சொல்லாதீங்க சாரே. எங்க கடல் மெரினா மாதிரி காலை நனைக்கற கடல் கூட இல்ல, சட்டுனு ஆழம். காத்தே இல்லாம, வானம் தெளிவா இருக்கும்போதே தூரத்துல எங்கயோ எழும்பின அலை கரையில வந்து ஏறும். கள்ளக்கடல்னு சொல்லுவோம், திருடன் மாதிரி வாரதால. 2024 மே மாசம் லெமூர் கடற்கரையில மருத்துவம் படிக்கற பிள்ளைங்க அஞ்சு பேரு அப்படித்தான் போனாங்க. முந்தினநாளே எச்சரிக்கை வந்திருந்துது. குழந்தையள வச்சுக்கிட்டு ஆளில்லாத கடற்கரையில ரூம் எடுக்கது எனக்குச் சரியாப் படல.

---

தனிவழி · நவம்பர் 11, மாலை 6.50

சரி, குளிக்கறத வாபஸ் வாங்கறேன். கூட்டத்த வாபஸ் வாங்க மாட்டேன்.

---

செவிலி_மாலா · நவம்பர் 12, காலை 5.30

நைட் டியூட்டி முடிச்சு எழுதறேன், பிழை இருந்தா பொறுத்துக்கங்க. எலும்பு முறிவு வார்டுல வேலை. எங்க அம்மாவுக்கும் ரெண்டு முழங்காலும் மாத்தியிருக்கு.

காவிரிக்கரை அண்ணா, ஜன்னல் பார்க்கறதுக்கு முன்னாடி பாத்ரூம் வீடியோ வாங்குங்க. வெஸ்டர்ன் இருக்குன்னு சொன்னா போதாது. பல லாட்ஜ்ல பாத்ரூம் தரை ரூமவிட ஒரு சாண் கீழயோ மேலயோ இருக்கும். வாசல்ல ஒரு திண்டு. ராத்திரி 2 மணிக்குத் தூக்கக் கலக்கத்துல அந்தத் திண்டுலதான் விழறாங்க. வார்டுக்கு வர்றவங்கள்ல எத்தனை பேர் "பாத்ரூம்ல"ன்னு சொல்றாங்கன்னு எனக்குத்தான் தெரியும். உயரமான பிளாஸ்டிக் ஸ்டூல் ஒண்ணு, வழுக்காத மிதியடி ஒண்ணு, ஒரு சின்ன நைட் லேம்ப், இத வீட்லேர்ந்தே எடுத்துட்டுப் போங்க. லாட்ஜ் ஸ்டூல் குட்டையா இருக்கும், உக்காந்தா எந்திரிக்க முடியாது. கட்டிலும் தாழ்வா இருக்கக்கூடாது. உக்காந்தா முழங்காலவிட இடுப்பு கொஞ்சம் மேல இருக்கணும்.

வாசலையும் கேளுங்க. லிஃப்ட் இருக்குன்னு சொல்வாங்க, அந்த லிஃப்டுக்குப் போக ரிசப்ஷனுக்கே ஏழு படி ஏறணும்.

இன்னொண்ணு எனக்குத் தோணுது. சீ வியூ வேண்டாம், இறங்கி நடந்தா கடல்னு நாஞ்சில்காரன் அண்ணன் சொன்னார். நடக்கறவங்களுக்குச் சரி. விடியக்காலை 5.30 மணிக்கு அந்தக் கூட்டத்துல, இருட்டுல, ஈரக் கல்லு மேல அப்பாவ நடத்திக் கூட்டிட்டுப் போவீங்களா? விவேகானந்தர் பாறைக்குப் போற போட்ல ஏத்தி இறக்குவீங்களா? நீங்களும் பிள்ளைங்களும் கடலுக்கு இறங்கிப் போகலாம், அவர் ரூம்லதான் இருப்பார். அந்த ஊர்ல ஜன்னல் வேணுங்கறது அவர் ஒருத்தருக்குத்தான்.

---

நாஞ்சில்காரன் · நவம்பர் 12, காலை 7.15

மாலாம்மா, ஒத்துக்கிட்டேன். நான் என் கால வச்சுப் பேசிட்டேன்.

அப்ப இப்பிடிச் செய்யலாமே. ரெண்டும் கடல் பக்கம் எதுக்கு? அப்பா அம்மாவுக்கு ஒண்ணு கடல் பக்கம், இவங்களுக்கு ஒண்ணு பின்பக்கம். 4,800ம் 2,600ம் சேந்து 7,400. மூணு நாளைக்கு 22,200. 5 சதவீதம் சேத்தா 23,310.

அம்மாவோட பயத்தச் சிரிச்சுத் தள்ளிராதீங்க அண்ணே. நீங்க வந்து இறங்குத டிசம்பர் 26தான் 2004ல அது வந்த நாளு. மணக்குடியில பாலத்தையே தூக்கிட்டுப் போச்சு. குளச்சல்ல, மணக்குடியில அன்னைக்கு இன்னும் மெழுகுவர்த்தி ஏத்துதாங்க. அம்மா நிம்மதியாத் தூங்கணும்னா மாடிதான்.

---

பழைய ரிசப்ஷன் · நவம்பர் 12, காலை 9.40

மாடின்னா ரெண்டு கேள்வி. கரண்டு போனா லிஃப்ட் ஜெனரேட்டர்ல ஓடுமா? நிறைய இடத்துல ஜெனரேட்டர் லைட்டு, ஃபேனுக்கு மட்டும்தான். ரெண்டாவது, முதல் மாடியா ரெண்டாவது மாடியா? கடைவீதிப் பக்கம் முதல் மாடி ஜன்னல்ல தகரக் கூரைதான் தெரியும், சங்கு கடை, பாசி கடை, அதுக்கு அந்தப் பக்கம் கடல். ரெண்டாவது மாடிதான் கணக்கு. அதுக்கு மேல போனா கடல் கூடத் தெரியும், லிஃப்ட் நின்னா படியும் கூட.

சமமான தரையும் அமைதியும்தான் முக்கியம்னா விவேகானந்தபுரம் வளாகத்தையும் கேட்டுப் பாருங்க. விசாலமான இடம், மயில் சுத்தும், கடற்கரையும் உண்டு. கடைவீதியில இருந்து தள்ளி, அதனால ஒவ்வொண்ணுக்கும் ஆட்டோ. ஆனா டிசம்பர் கடைசிக்கு இப்பக் கேட்டுக் கிடைக்கணும்.

---

காவிரிக்கரை · நவம்பர் 16, இரவு 8.10

போட்டாச்சுங்க. வளாகத்துல இடமில்லைன்னுட்டாங்க. முதல்ல பேசுன லாட்ஜ் வீடியோ அனுப்பவே இல்ல, நாலு தடவை "இதோ சார்"னாங்க. வேற ஒண்ணு புடிச்சேன். ரெண்டாவது மாடி, அப்பா அம்மாவுக்கு கிழக்குப் பாத்த மூலை ரூம், எங்களுக்கு எதிர்ல பின்பக்கம். வாடகை கிட்டத்தட்ட அதேதான். லிஃப்ட் ஜெனரேட்டர்ல ஓடுது. வாசல்ல நாலு படி, பக்கத்துல சாய்வுப் பாதை. பாத்ரூம் திண்டு நாலு விரக்கடை உசரம். காலைல 6 மணிக்கு ரூம்னு எழுதி வாங்கிட்டேன்.

அம்மாகிட்ட சொன்னதுக்கு, "ரெண்டாவது மாடி போதுமா?"ங்கறாங்க.

---

காவிரிக்கரை · ஜனவரி 4, 2026, மாலை 4.30

எல்லாருக்கும் நன்றிங்க. போயிட்டு வந்து ஒரு வாரமாச்சு, பையனுக்குக் காய்ச்சல், அதான் எழுத முடியல.

26 காலைல 6.10க்குப் போய் நின்னோம். ரிசப்ஷன்ல பையன், "சார், அந்த ரூம்ல ஏசி வேலை நடக்குது, அதே மாதிரி பக்கத்து ரூம் தர்றோம்"னான். போய்ப் பாத்தா ஜன்னல் வடக்கு. நான் எதுவும் பேசலைங்க. போன எடுத்து, கதவு நம்பரோட அவங்களே அனுப்புன வீடியோவ ஓட்டிக் காட்டுனேன். உள்ள போயி யார்கிட்டயோ பேசிட்டு வந்து சாவியக் குடுத்துட்டாரு. ஏசி ஒரு குறையும் இல்ல.

கண்ணாடி பழைய ரிசப்ஷன் அண்ணன் சொன்ன மோர்தான். ரூம்பாய்கிட்ட ஒரு வாளி நல்ல தண்ணி கேட்டு, பையனும் நானும் பழைய துண்டுல தொடச்சோம். வெளிப்பக்கம் கையை நீட்டித் தொடைக்கறப்போ துண்டு கறகறங்குது, அத்தனை உப்பு. தொடச்ச பாதியும் தொடைக்காத பாதியும் ரெண்டு வேற கடல் மாதிரி இருந்துச்சு.

முதல் நாள் மேகம். 27 காலைல அப்பா அஞ்சு மணிக்கே எந்திரிச்சு நாற்காலிய ஜன்னலுக்கு இழுத்துப் போட்டு, ஜமுக்காளத்தத் தோள்ல சுத்திட்டு உக்காந்துட்டாரு. நாங்க அஞ்சு பேரும் கீழ போனோம். கூட்டத்துல எனக்கு முன்னால நின்னவரோட தலையும் அவரு தூக்குன செல்போனும்தான் தெரிஞ்சுச்சு. பொண்ணத் தோள்ல ஏத்துனதுல அவ பாத்தா. மேல வந்தா அப்பா, "முதல்ல ஒரு கீத்து, அப்புறம் கலசம் கவுத்த மாதிரி, அப்புறந்தான் உருண்டை" ங்கறாரு. முழுசாப் பாத்தது அவரு ஒருத்தருதான்.

எதிர்பாக்காதது ஒண்ணு. பின்பக்க ரூம்ல நாங்க தூங்குனதோட சரி. மத்த நேரமெல்லாம் ஆறு பேரும் அப்பா ரூம்லதான். கடையில வாங்குன சிப்ஸ், சீட்டுக்கட்டு, சண்டை எல்லாம் அங்கதான். எங்க ரூம் ஈரத்துணி காயப்போடத்தான் ஆச்சு. காயவும் இல்ல, தலகாணி கூட நசநசன்னு இருந்துச்சு. ரெண்டும் கடல் பக்கம் எடுத்திருந்தா ஒண்ணு சும்மாத்தான் கெடந்திருக்கும்.

குறை: குளிக்கற தண்ணி உப்பு, சோப்பு நொரையே வரல, அம்மா மூணு நாளும் தலைக்கு ஊத்திக்கல. 27 ராத்திரி 2.30க்கு ஒரு பஸ் வந்துச்சு. நாங்கதான் முழிச்சோம், அந்தப் பக்கம் எங்க ஜன்னல். அப்பா அம்மாவுக்குத் தெரியவே இல்ல. மாலா அக்கா சொன்ன ஸ்டூலும் லேம்ப்பும் கொண்டு போனோம், ரெண்டும் தினம் வேலைக்காச்சு.

பாறைக்கு அப்பா வரலைங்க. நாங்க போட்ல போயி, 2024 டிசம்பர் 30ல திறந்த கண்ணாடிப் பாலத்துல திருவள்ளுவர் சிலை வரைக்கும் நடந்தோம். 77 மீட்டர் நீளம். வீட்டுக்காரம்மா கீழ பாக்காம என் சட்டையப் புடிச்சிட்டே வந்தாங்க. பாலத்துல நின்னு கையாட்டுனோம். அப்பா பாத்தேன்னாரு. அவ்வளவு தூரத்துல எப்படித் தெரிஞ்சிருக்கும்?

---

செவிலி_மாலா · ஜனவரி 4, இரவு 7.00

படிச்சதும் சந்தோஷமா இருக்கு அண்ணா. மூணு நாளும் அப்பாவுக்குப் பொழுது போச்சா? போரடிக்கலையா?

---

காவிரிக்கரை · ஜனவரி 4, இரவு 7.25

மீன் புடிக்கற வள்ளம் எண்ணிட்டு இருந்தாருங்க. தறியில கோடு எண்ணுன பழக்கம். 26ஆம் தேதி நாலு, 27 அன்னைக்கு 17. 28 காலைல இருந்து ஒண்ணு கூட வரலைங்க. கடல் சரியில்லையோன்னு அவருக்குப் பயம். அம்மாவுக்குத் தெரிஞ்சா ஊருக்குக் கெளம்பிருவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லாம அன்னைக்குப் பூரா ஜன்னலையே பாத்துட்டு இருந்திருக்காரு. ரயில்ல வர்றப்பதான் எங்கிட்டச் சொன்னாரு. என்ன காரணமா இருக்கும்?

---

நாஞ்சில்காரன் · ஜனவரி 4, இரவு 8.05

28 ஞாயித்துக்கிழமை அண்ணே. எங்க மீனவ ஊர்ல ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போக மாட்டாங்க, கோயில்ல பூசை. 26 சுனாமி நாளு, அதான் நாலு. கிறிஸ்துமஸ் வாரத்துல மத்த நாளும் பாதிப் பேரு கரையிலதான். அப்பாட்டச் சொல்லுங்க, பிப்ரவரியில ஒரு செவ்வா, புதனாப் பாத்து வந்தா எண்ணி முடியாது. அப்ப வாடகையும் குறையும்.